பெட்டியின் அடிப்பக்கம்

குக்கர் கேஸ்கெட் முதல் இன்வெர்ட்டர் பேட்டரி வரை பத்தியாளரின் பகைப் பட்டியல் வாசகர்களுக்குத் தெரிந்ததே. இந்த வாரம் அதில் ஸ்மார்ட் பிளக் சேர்ந்திருக்கிறது.

படுத்தபடியே விளக்கை அணைக்கும் ஆசையில், வேலூர்க் கடை ஒன்றில் அதை வாங்கினார். பெட்டியின் முகப்பில் ‘எல்லா வைஃபையிலும் வேலை செய்யும்’ என்று கொட்டை எழுத்து. அடிப்பக்கத்தில், பார்கோடுக்குக் கீழே, எறும்பு ஊர்ந்தாற்போல ஒரு வரி: 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்.

இன்றைய ரவுட்டர்களில் பெரும்பாலானவை 2.4, 5 என இரண்டு அலைவரிசைகளில் இயங்குபவை. 2.4 சுவர் தாண்டிப் போகும், வேகம் குறைவு. 5 வேகமானது, செங்கல் சுவர் இரண்டு வந்தாலே திணறும். மலிவான பிளக், பல்புகளில் 2.4-க்கான சில்லு மட்டுமே இருக்கும். அதில் தப்பில்லை, விளக்கை அணைக்க வேகம் எதற்கு? ஆனால் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்த ரவுட்டரில் கைப்பேசி 5-இல் இருக்கும், பிளக் 2.4-இல் தேடும், செயலி கையை விரித்துவிடும். பிளக் விற்றவர் ரவுட்டரைக் குறை சொல்வார். ரவுட்டர் மாட்டியவர் பிளக்கை.

ரவுட்டர் பெட்டி மட்டும் யோக்கியமா? ஏஎக்ஸ்1800 என்றால் 1800 மெகாபிட் வேகம் என்று வாங்குகிறவர் நினைக்கிறார். அது 2.4-இன் 574-ஐயும் 5-இன் 1201-ஐயும் கூட்டி, பிறகு மேல்நோக்கி முழுமையாக்கிய கணக்கு. கைப்பேசியோ பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் இருக்கும். வெவ்வேறு கம்பெனிகளின் ஸ்மார்ட் பொருள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத குழப்பத்தைத் தீர்க்க 2022 அக்டோபரில் ‘மேட்டர்’ என்ற பொதுத் தரம் வந்தது. அந்த முத்திரை உள்ள பொருள்களிலும் சில வைஃபையில் ஓடும். சில ‘த்ரெட்’ என்ற வேறு வலைப்பின்னலில் ஓடும், அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

இதையெல்லாம் விரிவாக எழுதத்தான் பத்தியாளர் உட்கார்ந்தார். நடுவில் ஆம்பூர் போனார். பிரியாணிக்குத்தான், வேறெதற்கு?

சாப்பிட்டபின், ஏற்றுமதியில் மிஞ்சிய ஷூக்களை விற்கும் கடை ஒன்றில் நுழைந்தார். பளபளவென்று இருந்த ஒரு ஜோடியை எடுத்ததும் கடைக்கார பாய், “சார், அது கோட்டிங்” என்றார். “ஸ்ப்ளிட்டு மேல பிலிம் ஒட்டினது. உள்ள பாருங்க, தோல் படத்துக்குள்ள டைமண்ட் போட்டிருக்கு.”

ஷூவின் நாக்குக்குப் பின்னால் நகம் அளவு ஸ்டிக்கர். இடப்பக்கம் ஷூவின் மூன்று பாகங்கள்: மேல்பகுதி, உள்துணி, அடிப்பாகம். ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு குறி. விரித்த தோலின் உருவம் என்றால் தோல். அதற்குள் டைமண்ட் இருந்தால் பூச்சு ஏற்றிய தோல். பின்னல் கட்டம் என்றால் துணி. வெறும் டைமண்ட் என்றால் ரெக்சின், ரப்பர் முதலான மற்றவை.

இது 1994-இல் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட உத்தரவு. ஒரு பாகத்தின் பரப்பில், அடிப்பாகமானால் கன அளவில், குறைந்தது 80 சதவீதம் எதனால் ஆனதோ, அதன் குறியைப் போட வேண்டும். தோலின் மேல் பூச்சு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் டைமண்ட் வந்தாக வேண்டும். ஜோடியில் ஒரு ஷூவிலாவது இது இருக்க வேண்டும். எந்த மொழிக்காரருக்கும் புரியட்டும் என்றுதான் படம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இதெல்லாம் பாலபாடம். பச்சைத் தோல் பதனிடும்போது படிப்படியாக ‘வெட் ப்ளூ’வாகி, ‘க்ரஸ்ட்’ ஆகி, பினிஷிங் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். தடித்த தோலை மெஷினில் படலமாகப் பிளந்தால் மேல்படலம் உறுதியானது, கீழ்ப்படலம்தான் ஸ்ப்ளிட். அதன் மேல் பிலிம் ஒட்டி, போலி ரேகை அழுத்தினால், கண்ணுக்கு அசல்போலவே இருக்கும். ஷூ கம்பெனிப் பெண்களைக் கேட்டால் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

பத்தியாளரின் கோபம் இங்கேதான் இடம் மாறியது. அதே சாலையில் தள்ளுவண்டி பெல்ட்டில் ‘ஜெனுவின் லெதர்’ என்று தங்க எழுத்து, ஸ்டிக்கர் கிடையாது. இந்த ஊர்க் கைகளே ஹாம்பர்க் வாடிக்கையாளருக்கு ஒட்டி அனுப்பும் தகவல், பக்கத்துத் தெருக்காரருக்கு இல்லை. நகம் அளவு இடத்தில் மூன்று பாகத்துக்கும் உண்மை சொல்ல ஷூவால் முடிகிறது. உள்ளங்கை அளவு பெட்டியின் முகப்பில் ‘2.4 மட்டும்’ என்று போட பிளக் கம்பெனிக்கு இடமில்லையாம்!

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, விளம்பரத்தில் வாக்குறுதி எந்த மொழியில், எந்த எழுத்துருவில் இருக்கிறதோ, நிபந்தனையும் அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. இத்தனை இருந்தும் எறும்பு வரிகள் குறையவில்லை. ஷூவுக்குப் போட்டதுபோல பிளக், ரவுட்டர்களுக்கும் ஒரு கட்டாயப் படக்குறி வேண்டும், அதுவும் முகப்பில்.

அது வரும்வரை வாசகர்கள் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். முகப்பையும் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து, பில்லோடு வைத்திருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை விலைகொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே வழக்குக் கட்டணம் கிடையாது.