அரைப் புள்ளியின் விலை: கோடைக்கால ஆங்கிலமும் அயலகக் கல்வி உதவித்தொகையும்

பிரிட்டன் பல்கலைக்கழகங்களின் கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. ஆனால், அயல்நாட்டு மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு அது ஜூன் மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்தும், ஆங்கிலத் தேர்வில் கேட்கப்பட்ட புள்ளிகளை எட்டாதவர்கள் அவர்கள். பல்கலைக்கழகம் அவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை. கோடை விடுமுறையில் ஆறு, பத்து அல்லது பன்னிரண்டு வாரங்கள் தன்னிடமே ஆங்கிலம் படிக்கச் சொல்கிறது. அதில் தேறியவர்கள் பெரும்பாலும் மீண்டும் ஐ.இ.எல்.டி.எஸ். எழுதத் தேவையின்றி முதுகலை வகுப்புக்குள் நுழைகிறார்கள். 'ப்ரீ-செஷனல்' என்று அழைக்கப்படும் இந்த முன்படிப்பு, அங்கே பல்லாண்டுகளாக நடைமுறையில் உள்ள ஒன்று.

இந்த ஏற்பாட்டில் நாம் குறை காணவில்லை. மொழி கற்றுக்கொள்ளக் கூடியது, அதற்குச் சில வாரங்கள் கொடுத்தால் போதும் என்ற நல்ல புரிதல் அதில் இருக்கிறது. பிரிட்டனின் குடியேற்ற விதிகளும் இதை ஏற்கின்றன. பட்டப்படிப்புக்கு வருபவருக்கு 'பி2' என்ற மொழித்தகுதியைக் கேட்கும் அந்த விதிகள், முன்படிப்புக்கு வருபவருக்கு அதற்கு ஒரு படி கீழான 'பி1' போதும் என்கின்றன. அப்படியானால் இந்த வாசல் யாருக்குத் திறந்திருக்கிறது, யாருக்கு மூடியிருக்கிறது என்பதே நம் கேள்வி.

ஒரே புள்ளி, இரு வழிகள்

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். முதுகலைப் படிப்பொன்று ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் 6.5 கேட்கிறது. இந்திய மாணவர் இருவர் 6.0 பெறுகிறார்கள். இருவருக்கும் பல்கலைக்கழகம் நிபந்தனையுடன் கூடிய சேர்க்கைக் கடிதம் அனுப்புகிறது. நிபந்தனை ஒன்றுதான்: ஆங்கிலத் தகுதியை நிறைவுசெய்ய வேண்டும்.

முதல் மாணவரின் குடும்பம் வசதியானது. அவர் ஜூன் மாதமே விமானம் ஏறுகிறார்; கோடையில் ஆங்கிலம் படித்துத் தேறி, செப்டம்பரில் முதுகலை மாணவர் ஆகிறார். அவருடைய அரைப் புள்ளிக் குறையைப் பிறகு எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

இரண்டாமவர் பட்டியல் சாதியைச் சேர்ந்த முதல் தலைமுறைப் பட்டதாரி. அவருக்கு உள்ள ஒரே வழி ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயலக உதவித்தொகை. 1954-55இல் தொடங்கப்பட்ட அத்திட்டம் இன்று ஆண்டுக்கு 125 பேருக்கானது. அவற்றில் 115 இடங்கள் பட்டியல் சாதியினருக்கு உரியவை. குடும்ப ஆண்டு வருமானம் எட்டு லட்ச ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உலகத் தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதமும் வேண்டும். அந்த 'நிபந்தனையற்ற' என்ற ஒற்றைச் சொல்லில் இரண்டாம் மாணவரின் பயணம் முடிந்துவிடுகிறது. அவருக்கு இடம் கொடுக்கப் பல்கலைக்கழகம் அணியமாக இருக்கிறது. அனுப்பிவைக்க அவருடைய அரசு அணியமாக இல்லை.

சொந்தச் செலவில் முன்படிப்பை முடித்துவிட்டு வரலாமே என்று சொல்வோர் கணக்கைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வாரக் கட்டணமும் உணவு, உறைவிடச் செலவும் சேர்ந்தால் பல இடங்களில் எட்டு லட்ச ரூபாயை ஒட்டி வந்துவிடும். உதவித்தொகைக்கான வருமான உச்சவரம்பும் அதே எட்டு லட்சம்தான். ஒரு குடும்பத்தின் ஓராண்டு வருமானம் முழுவதையும் ஒரு கோடைக்கு யார் கொடுக்க முடியும்? இதற்கு மேல், கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் 28 நாள்கள் தொடர்ந்து வங்கிக் கணக்கில் வைத்துக் காட்ட வேண்டும் என்கிறது பிரிட்டனின் மாணவர் விசா விதி.

புள்ளிகளுக்குப் பின்னால் இருப்பவை

ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வை ஒருமுறை எழுத இந்தியாவில் பதினேழாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. மதிப்பெண் இரண்டாண்டுகளுக்கே செல்லும். மூன்று முறை எழுதிப் புள்ளியை உயர்த்திக்கொள்ளும் வாய்ப்பு பணம் உள்ளவருக்கு உண்டு. கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைக்கு முதல் முறையே கடைசி முறை.

தேர்வே எழுதாமல் கடந்துவிடும் வழியும் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணைப் பார்த்து ஐ.இ.எல்.டி.எஸ். தேர்விலிருந்து விலக்களிக்கும் பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் பல. ஆனால் சி.பி.எஸ்.இ., ஐ.எஸ்.சி. மாணவர்களுக்கு ஒரு வரம்பும் மாநிலப் பாடத்திட்ட மாணவர்களுக்கு அதைவிட உயர்ந்த வரம்பும் வைப்பது அங்கே வழக்கமாக இருக்கிறது. சில இடங்களில் மாநிலப் பாடத்திட்டத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் படித்து வருபவர்கள் இந்த வரிசையின் எந்த இடத்தில் நிற்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆக, தகுதி என்று பெயரிட்டு அளக்கப்படுவதில் பெரும்பகுதி, பிள்ளை எந்தப் பள்ளியில் சேர்க்கப்பட்டது என்பதே.

பிற அரசுகள் என்ன செய்கின்றன?

ஜப்பான் அரசின் 'மெக்ஸ்ட்' உதவித்தொகையில் செல்லும் ஆய்வு மாணவர்களுக்குத் தேவைப்பட்டால் முதல் ஆறு மாதங்கள் ஜப்பானிய மொழி கற்பிக்கப்படுகிறது. ஜெர்மனியின் 'டாட்' அமைப்பு, படிப்புக்கு முந்தைய ஜெர்மன் மொழி வகுப்புகளுக்கு நிதி அளிக்கிறது. அமெரிக்காவின் ஃபுல்பிரைட் திட்டத்திலும், தேர்வான அயல்நாட்டு மாணவர் பலருக்குக் கோடையில் ஆங்கிலமும் கல்விசார் முன்பயிற்சியும் தரப்படுகின்றன. முதலில் ஆளைத் தேர்ந்தெடு, பிறகு மொழியைக் கற்பி என்பதே இத்திட்டங்களின் நடைமுறை. நமது திட்டமோ மொழியை முடித்துவிட்டு வா, பிறகு உன்னைப் பார்க்கிறேன் என்கிறது.

உள்ளூரில் ஆங்கிலம் கற்பிப்பதே மலிவு என்று ஒரு மறுப்பு எழலாம். அதுவும் தேவைதான். தாட்கோ வழியாக ஐ.இ.எல்.டி.எஸ். உள்ளிட்ட தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி தரப்படுவது வரவேற்கத்தக்கது. ஆனால், தேர்வுப் பயிற்சியும் முன்படிப்பும் ஒன்றல்ல. ஆய்வுக் கட்டுரையைக் கட்டமைப்பது, மேற்கோளை முறையாகக் கையாள்வது, கருத்தரங்கில் ஆசிரியரை மறுத்துப் பேசுவது ஆகியவையே கோடை வகுப்பில் கற்பிக்கப்படுகின்றன. வகுப்பில் வாய் திறந்தால் ஏளனத்துக்கு ஆளாகிப் பழகிய ஒருவர், சீனாவிலிருந்தும் சவூதியிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வந்தவர்களோடு அமர்ந்து, எல்லோரும் ஒன்றுபோல் தடுமாறிக் கற்கும் வகுப்பறை அது. அயல்மண்ணில் சாதி இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. சமத்துவச் சட்டத்தில் சாதிப் பாகுபாட்டைத் தனியே சேர்க்கப்போவதில்லை என்று பிரிட்டன் அரசு 2018இல் அறிவித்ததை நாம் மறக்கவில்லை. எனினும், அந்தப் பன்னிரண்டு வாரங்கள் தரும் துணிவு பின்வரும் ஓராண்டுப் படிப்பையே மாற்றக்கூடியது.

உதவித்தொகை முதலில் தருவது காலம். 1913இல் பரோடா அரசின் உதவியில் கொலம்பியா சென்ற அண்ணல் அம்பேத்கர், 1916இல் லண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். உதவிக்காலம் முடிந்ததால் 1917இல் ஆய்வைப் பாதியில் விட்டுத் திரும்பினார். தம் சேமிப்பும் சாகு மகாராஜரின் உதவியும் நண்பரிடம் பெற்ற கடனும் கொண்டு 1920இல்தான் அவரால் மீண்டும் லண்டன் செல்ல முடிந்தது. அண்ணலின் ஆண்டுகளையே தின்ற அந்தக் காலக்கெடு, நூறாண்டு கடந்தும் நம் பிள்ளைகளுக்கு வேறு வடிவில் தொடர்கிறது. 2025 ஜூலையில் தேசிய அயலக உதவித்தொகைக்குத் தேர்வான 106 பேரில் 40 பேருக்கே முதலில் தற்காலிக ஆணை வந்தது. மற்றவர்களுக்கு நிதி இருந்தால் தரப்படும் என்று சொல்லப்பட்டது. நீண்ட முன்படிப்புகள் ஜூன் மாதமே தொடங்கிவிடும்போது, ஜூலையில் வரும் பட்டியலால் யாருக்குப் பயன்?

நாம் கேட்பவை

ஆங்கிலத் தகுதி ஒன்றை மட்டும் நிபந்தனையாகக் கொண்ட சேர்க்கைக் கடிதத்தை அமைச்சகம் ஏற்க வேண்டும். பல்கலைக்கழகமே நடத்தும் முன்படிப்பின் கட்டணத்தையும் அக்கால வாழ்க்கைச் செலவையும் உதவித்தொகையில் சேர்க்க வேண்டும். தேர்வுப் பட்டியலை ஏப்ரலுக்குள் நிதி உறுதியோடு வெளியிட வேண்டும். மொழித்தேர்வுக் கட்டணத்தை இருமுறைக்கேனும் திருப்பித் தர வேண்டும். 36 லட்ச ரூபாய் வரை வழங்கும் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் கோடைக்கால முன்படிப்பை வெளிப்படையாகத் தன் செலவினங்களில் சேர்த்தால், ஒன்றிய அரசுக்கு அது முன்மாதிரியாக அமையும்.

விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு ஒரு சொல். கோடைக்கால ஆங்கிலம் என்ற பெயரில் முகவர்கள் விற்கும் சுற்றுலாத் தொகுப்புகள் எந்தப் பட்டப்படிப்புக்கும் இட்டுச் செல்வதில்லை. முன்படிப்பில் தேறினால் சேர்க்கை உறுதியாகுமா என்பதையும், பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணுக்கு விலக்கு உண்டா என்பதையும் பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

செயற்பாட்டாளர்களுக்கு உள்ள வேலை வேறு. நிபந்தனைக் கடிதம் என்ற காரணத்தால் கடந்த ஐந்தாண்டுகளில் எத்தனை விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன, அவற்றில் எத்தனை ஆங்கிலத் தகுதி ஒன்றுக்காக மட்டும் நிராகரிக்கப்பட்டன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அமைச்சகத்திடம் கேட்போம். அரைப் புள்ளியால் வீட்டிலேயே நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர் என்பது முதலில் பதிவாக வேண்டும்.