ஓடை நண்டு எங்கும் ஒன்றா?

"நண்டுதானே, எந்த ஆற்றிலும் கிடைக்கும்." இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் இருக்க முடியாது. பீலிக்குக் கீழே ஓடும் கானில் கல்லைப் புரட்டினால் நண்டு, வயல் வரப்பில் நண்டு, களுகங்கைக் கரையிலும் நண்டு. எல்லாம் ஒரே சாதி. சளி பிடித்தால் ரசத்துக்கு ஆகும். இங்கே செத்தால் கீழேயிருந்து இன்னொன்று ஏறிவரும். லயத்தில் மட்டுமல்ல, படித்தவர்கள் கூடும் இடத்திலும் இதே நம்பிக்கைதான்.

அடியோடு தவறான நம்பிக்கை இது.

இலங்கையின் நன்னீர் நண்டுகளுக்கு 2005இல் எடுத்த கணக்கு 51 இனங்கள். அவற்றில் 50 இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 1962இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவோடு வந்த பேர் பிரிங்க்கின் பெயரை மலைநாட்டு நண்டுப் பேரினமொன்று, 'பெர்பிரிங்கியா' என்று, இன்றும் தாங்குகிறது. ஆனால் பெரும்பாலான இனங்கள் சிங்கப்பூரின் பீட்டர் இங், இலங்கையின் எம். எம். பாஹிர் போன்ற ஆய்வாளர்களின் உழைப்பால் 1995க்குப் பிறகே பெயர் பெற்றன. ஈஸ்டர் தீவுக்குத் தெற்கே, 2,200 மீட்டர் ஆழத்தில், மயிர் அடர்ந்த கைகளுடன் 'யெட்டி நண்டு' பிடிபட்டதும் அதே 2005இல்தான். (அது அசல் நண்டு அல்ல; துறவி நண்டுக்கு உறவான ஸ்குவாட் லாப்ஸ்டர்.) அதன் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. ஓடை நண்டுகளின் சேதி தோட்டத்து லயம்வரைகூட வந்து சேரவில்லை.

ஒரே தீவில் இத்தனை இனங்கள் எப்படி? கடல் நண்டின் குஞ்சு மிதக்கும் குடம்பியாகப் பிறந்து, நீரோட்டத்தோடு வெகுதூரம் போகும். மலை ஓடை நண்டுக்கு அந்தப் பருவமே கிடையாது. தாய் நண்டின் அகன்ற வயிற்று மடலைத் தூக்கிப் பாருங்கள்: மஞ்சள்கரு நிறைந்த பெரிய முட்டைகள் ஒட்டியிருக்கும். பொரிந்து வருபவை கொடுக்கும் காலும் முழுதாய் அமைந்த பொடி நண்டுகள். பிறந்த கல்லிடுக்கைச் சுற்றியே அவற்றின் வாழ்வு. நடுவே ஒரு மலைமுகடு நின்றால் அந்தப் பக்கத்து ஓடை அவற்றுக்கு வேற்று நாடு. ஒரேயொரு இடத்தில் மட்டுமே அறியப்பட்ட இனங்கள் பல இருப்பது இதனால்தான்.

வெளித்தோற்றம்தான் ஆளை ஏமாற்றுகிறது. ஆண் நண்டின் வயிற்று மடலுக்கு அடியிலுள்ள குச்சி போன்ற இனப்பெருக்க உறுப்பை உருப்பெருக்கியில் வைத்துத்தான் ஆய்வாளர்களே இனம் பிரிக்கிறார்கள். 'ஒன்று போனால் இன்னொன்று ஏறிவரும்' என்ற வாதமும் இங்கே உடைகிறது. வயலின் சேற்று நண்டு வேறு பேரினம். குளிர்ந்த மலை ஓடையில் அழிந்ததை அது வந்து ஈடுசெய்யாது.

சிங்கராஜாக் காட்டின் விளிம்பில், கலவானையிலும் இறக்குவானையிலும், காட்டு ஓடைகள் நேரே தேயிலைக்குள் இறங்குகின்றன. அங்கிருந்து இறப்பர், பிறகு மாணிக்கக் குழி கழுவிய கலங்கல். நடுவில் சிறு நீர்மின் நிலையத்துக்காக ஓடையை அணைகட்டிக் குழாயில் திருப்பினால், அணைக்குக் கீழே பாறை காய்கிறது. கிளைபோசேட் களைகொல்லிக்கு 2015இல் தடை வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினார்கள். தடைக்குச் சிறுநீரக நோயையும் தளர்வுக்குக் களை வெட்டும் கூலியையும் பேசினார்கள், பேசவேண்டியவைதான். மருந்து வழிந்து சேரும் கானில் எது வாழ்கிறது என்ற கேள்விக்கு அந்தப் பேச்சில் இடமே கிடைக்கவில்லை.

இதற்காக, சளிக்கு இரண்டு நண்டு பிடிக்கும் லயத்துப் பிள்ளையைக் குற்றவாளியாக்குவது அபத்தம். ஓடையின் போக்கை மாற்றும் அதிகாரம் அந்தப் பிள்ளையிடம் இல்லை. அதிகாரம் உள்ளவர்களுக்குத்தான் 'எல்லாம் ஒரே நண்டு' என்ற எண்ணம் வசதியாக இருக்கிறது.

பெலிஹுல்ஓயாவில் சபரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஓடை ஓடையாகக் கணக்கெடுக்க மாணவர்கள் இருக்கிறார்கள். உங்கள் தோட்டத்து ஓடைக்கு அடுத்த திட்டம் வரும்போது, சுற்றாடல் அறிக்கையில் 'நண்டு' என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், எந்த இனம், அது வேறெங்கே உண்டு என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள்.