வாஷ்பேசின் கல்லும் பால்கனித் தூசியும்

போன மாசம் எங்க வீட்டு ரெண்டாவது பாத்ரூம்ல வாஷ்பேசின் மேடைக் கல்லை மாத்தினோம். 4 அடி நீளம், 21 அங்குலம் அகலம், மொத்தமே 7 சதுர அடி. இதுக்கெல்லாம் ஒரு பதிவான்னு கேக்காதீங்க. இந்த 7 சதுர அடியில நான் ரெண்டு தப்பு பண்ணியிருக்கேன். முதல் தப்புல போனது என் பணம். ரெண்டாவது தப்பு இன்னொருத்தரோட மூச்சு சம்பந்தப்பட்டது. உங்கள்ல பாதிப்பேர் தில்லி, நொய்டா, பூனான்னு எங்கேயோ ஃப்ளாட் வாங்கி இதே வேலையைப் பண்ணப்போறவங்க. அதனால சொல்லிடறேன்.

முதல் தப்பு: மார்பிள்

குர்காவ்ல இந்த ஃப்ளாட்டை வாங்கினப்போ ரெண்டு பாத்ரூம்லயும் வெள்ளை மார்பிள்தான். ஊர்லேர்ந்து வந்த அம்மா அதைத் தடவிப் பார்த்துட்டு, "கோயில் மாதிரி இருக்குடா"ன்னாங்க. நாம வளர்ந்த வீட்டுல சிமெண்ட் தொட்டி, பக்கத்துல துவைக்கிற கல்லு. அங்கேர்ந்து மார்பிளுக்கு வந்தாச்சேன்னு எனக்கும் பெருமைதான்.

அந்தப் பெருமை ரெண்டு வருஷம் கூடத் தாங்கலை. குழாயைச் சுத்தி வெள்ளையா உப்பு படிஞ்சுது. ஷேவிங் கிரீம் டப்பா வச்ச இடத்துல வட்டமா துரு. பேசினைச் சுத்தி பளபளப்பு போய், சொரசொரன்னு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. வழக்கம்போல பழியை வீட்டு வேலைக்கு வர்ற தீதி மேல போட்டோம். தங்கமணி அவங்க ஹிந்தியில ஒரு பிடி பிடிச்சாங்க. தீதி அமைதியா ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டி, "நீங்க வாங்கிக் கொடுத்ததைத்தானே பாபி ஊத்தினேன்"னாங்க. டாய்லெட் கழுவற பாட்டில். வாங்கினது நான். அதுக்கப்புறம் வீட்டுல கொஞ்ச நேரம் யாரும் பேசலை.

விஷயம் பள்ளிக்கூடத்து கெமிஸ்ட்ரிதான். இங்கே வர்றது போர் தண்ணி, கடினத் தண்ணி. குழாயடியில படியற வெள்ளை உப்புல பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். மார்பிளும் அதே கால்சியம் கார்பனேட்தான். கறையும் கல்லும் ஒரே பொருள்! கறையைக் கரைக்கிற ஆசிட் கல்லையும் சேர்த்துக் கரைக்கும். அந்த பாட்டில்ல இருக்கிற ஹைட்ரோகுளோரிக் ஆசிட் மட்டும் இல்லை, எலுமிச்சம்பழம், வினிகர் கூட மார்பிள் பளபளப்பைத் தின்னுடும். கடைக்காரர் "ஸீலர் அடிச்சா ஒண்ணும் ஆகாது சார்"னு சொல்வார். ஸீலர் எண்ணெய், மஞ்சள் கறை உள்ளே இறங்கறதைத் தடுக்கும். ஆசிட் அரிக்கறதைத் தடுக்காது.

மார்பிள் மட்டமான கல்லுன்னு நான் சொல்லலை. ராஜஸ்தான்ல மக்ரானாவிலேர்ந்து போன கல்லுலதான் தாஜ்மஹால் நிக்குது, கொல்கத்தா விக்டோரியா மெமோரியல் நிக்குது. ஆனா தாஜ்மஹால்ல யாரும் தினமும் பல் தேய்க்கறதில்லை. தரைக்குப் போடுங்க, பூஜை அறைக்குப் போடுங்க. போர் தண்ணி வர்ற வீட்டுல வாஷ்பேசினுக்கு மட்டும் வேண்டாம்.

ரெண்டாவது தப்பு: குவார்ட்ஸ்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பசங்க பாத்ரூம் கல்லை முதல்ல மாத்தினோம். கடையில, "இப்போ எல்லாரும் குவார்ட்ஸ்தான் சார் போடறாங்க. கறை ஏறாது, ஸீலர் வேண்டாம்"னாங்க. அதுல பொய் இல்லை. குவார்ட்ஸ் பொடியை ரெஸின்ல குழைச்சு அழுத்திச் செய்யற பலகை அது. எடையில 90 சதவிகிதத்துக்கு மேல கல்பொடி. பார்க்க மார்பிள் மாதிரியே இருக்கும், எலுமிச்சம்பழத்துக்கு அசையாது. உடனே சரின்னுட்டேன்.

மறுநாள் ஒரு மிஸ்திரியும் ஒரு பையனும் பலகையைத் தூக்கிட்டு வந்தாங்க. பையனுக்கு இருபது வயசு இருந்தா அதிகம். பேசினுக்கும் குழாய்க்கும் ஓட்டை போடணும். எங்கே போடறது? எங்க பால்கனியிலதான். கையில கட்டர் மெஷின், மூக்குல சுத்தின கம்சா துண்டு, அவ்வளவுதான். தண்ணி கிடையாது. ஒரு மணி நேரம் அறுத்தான். வெள்ளைப் புகை மாதிரி தூசி. தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளையாகி, இருபது வயசுப் பையன் கிழவன் மாதிரி நின்னான்.

நாங்க என்ன பண்ணோம் தெரியுமா? தூசி உள்ளே வரக்கூடாதுன்னு பால்கனி கண்ணாடிக் கதவைச் சாத்திக்கிட்டோம். கீழ் இடுக்குல ஈரத்துணி வேற திணிச்சோம். வேலை முடிஞ்சதும் டீ கொடுத்தோம். நல்ல மனுஷங்கன்னு எங்களை நாங்களே நினைச்சுக்கிட்டோம். அவன் இருமினதை நான் கேட்டேன். எதையும் யோசிக்கலை.

அப்புறமா ஒரு நாள் ஆஸ்திரேலியா செய்தி கண்ணுல பட்டுது. இந்த மாதிரி செயற்கைக் கல்லை 2024 ஜூலை 1 முதல் அங்கே தடை பண்ணிட்டாங்க. செய்யக்கூடாது, விக்கக்கூடாது, அறுக்கக்கூடாது, பொருத்தக்கூடாது. அப்படித் தடை போட்ட முதல் நாடு அதுதான். காரணம் சிலிக்கோசிஸ். அறுக்கும்போது பறக்கற சிலிக்காவோட மெல்லிய துகள் நுரையீரலுக்குள்ள போய்த் தழும்பா மாறிடும். அந்தத் தழும்பை ஆத்த மருந்து கிடையாது. வேலையை விட்டப்புறமும் நோய் முத்தலாம். இயற்கைக் கல் அறுக்கறவங்களுக்கு இது பெரும்பாலும் பல வருஷம் கழிச்சுத்தான் தெரியும். செயற்கைக் கல்லுல பத்து வருஷத்துக்குள்ளேயே, சின்ன வயசுப் பசங்களுக்கே வந்துடுது. அந்தத் துகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிசு. கம்சாத் துண்டு அதைத் தடுக்காது.

இது ஏதோ வெளிநாட்டு வியாதின்னு நினைச்சுடாதீங்க. 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்கள் பட்டியல்ல சிலிக்கோசிஸ் இருந்தது. மத்தியப் பிரதேசம் மந்த்சௌர்ல ஸ்லேட் பென்சில் செஞ்சவங்க, குஜராத் கம்பாத்ல அகேட் கல் தேய்ச்சவங்க, ராஜஸ்தான் கல் சுரங்கங்கள்ல வேலை பார்த்தவங்கன்னு நம்ம நாட்டுல இது பழைய கதை. ராஜஸ்தான் அரசு 2019ல இதுக்குன்னே தனியா ஒரு கொள்கை கொண்டுவந்தது. நம்ம ஊர்ல இதை டிபின்னு நினைச்சு வருஷக்கணக்கா டிபி மாத்திரை சாப்பிடறவங்களும் உண்டு. சிலிக்கோசிஸ் இருந்தா டிபி வர்ற வாய்ப்பும் அதிகம்.

சட்டம் எவ்வளவு இருந்தாலும் என் பால்கனி தொழிற்சாலை இல்லை. அங்கே எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். அங்கே இருந்த ஒரே முதலாளி நான்தான். நான் கதவைச் சாத்திக்கிட்டேன்.

மூணாவது தடவை

அதனால இந்தத் தடவை கடைக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வியை முடிவு பண்ணிக்கிட்டேன். இந்தக் கல்லு மேல விழப்போற தண்ணி என்ன? இந்தக் கல்லை யார், எங்கே, எப்படி அறுக்கப்போறாங்க? அழகு, விலை எல்லாம் அதுக்கப்புறம்.

முதல் கேள்விக்கு கிரானைட்டுன்னு பதில் வந்துடுச்சு. எலுமிச்சை, வினிகர் எதுக்கும் அசையாது, கீறல் சுலபத்துல விழாது. நம்ம ஊர்ல அம்மியும் ஆட்டுக்கல்லும் கருங்கல்லுல செஞ்சது சும்மா இல்லை. தஞ்சாவூர் பெரிய கோயில் 1010லேர்ந்து வெயில்லயும் மழையிலயும் நிக்குது. கடையில "கஷ்மீர் ஒயிட்"னு ஒரு கல்லைக் காட்டினாங்க. வடக்கத்திக்காரர் எனக்கு அதைக் கஷ்மீர் கல்லுன்னே விக்கப் பார்த்தார். அது நம்ம மதுரைப் பக்கத்துக் கல்லு! சொன்னதும் சிரிச்சுட்டார். ஆனா அது கொஞ்சம் தண்ணி குடிக்கிற கல்லு, ஈரமா இருக்கிற இடத்துல கறை ஏறும். ஊர்ப்பாசத்தை ஓரமா வச்சுட்டு "ஸ்டீல் கிரே" எடுத்தேன். கன்னங்கரேல்னு இருக்கிற கல்லுல உப்புக்கறை பளிச்சுன்னு தெரியும். சாம்பல் நிறத்துல அவ்வளவா தெரியாது.

ரெண்டாவது கேள்விக்குக் கல்லை மாத்தினா மட்டும் போதாது. கிரானைட்டுலயும் 20லேர்ந்து 45 சதவிகிதம் வரைக்கும் சிலிக்கா உண்டு. செயற்கைக் கல்லைவிடக் குறைவுதான், இல்லைன்னு சொல்ல முடியாது. அதனால கடைக்காரர்கிட்ட ஒரே கண்டிஷன் போட்டேன். ஓட்டை, ஓரம், பாலிஷ் எல்லாம் உங்க பட்டறையில, தண்ணி விட்டு அறுக்கற மெஷின்ல முடிச்சுடணும். என் வீட்டுல பொருத்தற வேலை மட்டும்தான். "சைட்ல பண்ணினா சீப்பா முடியும் சார்"னார். வித்தியாசம் ஒரு நாள் ஹோட்டல் சாப்பாட்டுச் செலவு. சரின்னேன்.

நீங்களும் செய்யப்போறீங்கன்னா சில விஷயம்:

1. அட்டைப்பெட்டியை வெட்டி மேடை அளவுக்கு ஒரு மாதிரி செஞ்சுக்கோங்க. ஃப்ளாட் சுவர் எதுவும் நேரா இருக்காது. அட்டையைச் சுவத்துல ஒட்டி வச்சுப் பார்த்தா கோணல் தெரிஞ்சுடும். டேப் அளவு மட்டும் கொடுத்தா கல்லு வந்து நின்னப்புறம்தான் இடிக்கும்.

2. பேசினையும் குழாயையும் கடைக்கே எடுத்துட்டுப் போங்க. ஒத்தைக் குழாய் மிக்ஸருக்கு பெரும்பாலும் 35 மிமீ ஓட்டை வேணும். கையில பொருள் இருந்தா தப்பு வராது, "வீட்டுக்கு வந்து அறுத்துத் தரேன்"ங்கிற பேச்சும் வராது.

3. முழு ஸ்லாப் வாங்காதீங்க. 7 சதுர அடிக்கு சமையல் மேடை வேலையில மிச்சமான கட் பீஸே கிடைக்கும். எனக்கு அப்படித்தான் கிடைச்சுது.

4. கருப்புக் கல்லு எடுத்தா ஒரு ஓரத்துல எலுமிச்சம்பழச் சாறு ரெண்டு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுத் துடைச்சுப் பாருங்க. அந்த இடம் மங்கிப்போனா அது கிரானைட் இல்லை, கடப்பா மாதிரி சுண்ணாம்புக்கல். நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சுல தொட்டுத் தேய்ங்க. பஞ்சு கருத்துப்போனா சாயம் ஏத்தின கல்லு.

5. முன் ஓரத்துக்கு அடியில மெல்லிசா ஒரு காடி இழுக்கச் சொல்லுங்க. வழியற தண்ணி உள்பக்கமா ஓடி மரக் கதவை ஊற வைக்காது. சுவத்தோட சேர்ற இடத்துல சிலிக்கான் விட்டு, ஒரு நாள் முழுக்க ஈரம் படாம விடுங்க.

6. பழைய கல்லைக் கழட்டறதுக்கு முன்னாடி ஆங்கிள் காக்கை மூடிட்டு, பாட்டில் ட்ராப்பைக் கழட்டி அடியில ஒரு பக்கெட் வைங்க. உள்ளே இருக்கிற வாசனையைப் பத்தித் தனியா எழுத வேண்டாம்.

7. கிரானைட்டுன்னாலும் தினம் ஆசிட் ஊத்தாதீங்க. ராத்திரி ஒரு தடவை துணியால துடைச்சுட்டாலே உப்பு படியாது.

"நீ ஒருத்தன் கேட்டா உலகம் மாறிடுமா?"ன்னு நண்பர் ஒருத்தர் கேட்டார். மாறாது. நம்ம கிரானைட்டும் ஒண்ணும் பரிசுத்தம் இல்லை. 2012ல மதுரை கலெக்டரா இருந்த சகாயம் சட்டவிரோத குவாரிகளைப் பத்திக் கொடுத்த அறிக்கையை மறந்திருக்க மாட்டீங்க. ஆனா குவாரியில நடக்கறது என் கைக்கு எட்டாது, என் பால்கனியில நடக்கறது எட்டும். ஐம்பது ஃப்ளாட் இருக்கிற டவர்ல பத்துப் பேர் "தண்ணி விட்டு அறுத்துக் கொண்டா"ன்னு சொன்னா, அந்தக் கடைக்காரருக்கு அதுவே வழக்கமாயிடும். பெயிண்ட் எந்த ஷேடுன்னு பத்து நாள் சண்டை போடறோம். இதுக்கு ஒரு வாக்கியம் சொல்ல முடியாதா?

இந்தத் தடவை கல்லைப் பொருத்த வந்தவர் வேற ஆள். ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சுது. சுவர்ப்பக்கம் மட்டும் நூல் அளவு இடிச்சுது. உடனே கட்டரை எடுத்தார். "ஒரு நிமிஷம் பையா"ன்னு தங்கமணி பாட்டில்ல தண்ணி கொண்டுவந்து, அவர் தேய்க்கத் தேய்க்க அந்த ஓரத்துல ஊத்திக்கிட்டே நின்னாங்க. மெஷினுக்குள்ள தண்ணி போகாம அவரே பாட்டிலை எப்படிப் பிடிக்கணும்னு காட்டினார். பால்கனியெல்லாம் சேறு, தூசி மட்டும் இல்லை.

பசங்க பாத்ரூம்ல அந்தக் குவார்ட்ஸ் இன்னும் பளபளன்னுதான் இருக்கு. பொருத்தின கல்லால வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஆபத்து ஒண்ணும் இல்லை. அதைப் பிடுங்கிப் போட்டா யாருக்கும் லாபமும் இல்லை. அந்தப் பையனைப் பத்திக் கடையில விசாரிச்சேன். வேலையை விட்டுட்டுப் போயிட்டான், எங்கேன்னு தெரியாதுன்னாங்க. தீதிகிட்ட மட்டும் தங்கமணியும் நானும் மன்னிப்பு கேட்டோம். "பரவாயில்லை பாபி, இந்தக் கல்லு துடைக்க சுலபமா இருக்கு"ன்னாங்க.