காத்து மேல பழியைப் போடாதீங்க

போன ஞாயித்துக்கெழமை கொடிவேரிக்குக் கிளம்பி, கொடிவேரியைப் பார்க்காமலே திரும்பி வந்த கதை இது. கதையில ஆரம்பிச்சாலும் நான் சொல்ல வந்தது வேற ஒண்ணு. அதுல என் தப்பும் இருக்கு. அதையும் மறைக்காம சொல்லிடறேன்.

பள்ளிக்கூட லீவுக்கு சென்னையில இருந்து தங்கச்சி குடும்பம் வந்திருக்கு. தங்கச்சி மகளுக்கு ஒன்பது வயசு. வந்த நாள்ல இருந்து "மாமா, டேம் எப்போ போறோம்?"னு ஒரே நச்சரிப்பு. கொடிவேரி, பவானி ஆத்துக்குக் குறுக்க பல நூறு வருசத்துக்கு முன்னால கட்டின தடுப்பணைங்க. தடப்பள்ளி வாய்க்கால், அரக்கன்கோட்டை வாய்க்கால் ரெண்டும் அங்கிருந்துதான் பிரியுது. சுமார் 24,500 ஏக்கர் அந்தத் தண்ணியில பாயுது. கோபிப் பக்கத்து விவசாயிக்கு அது சோறு. வெளியூர்க்காரங்களுக்கு குளியலும் பொரிச்ச மீனும் பரிசலும். எங்க தோட்டத்துல இருந்து கார்ல போனா அரை மணி நேரம்தான். பக்கத்துலயே இருக்குங்கறதாலயே நாங்க போறது குறைவு.

மத்தியானம் சாப்பிட்டுட்டு மூணு மணிக்குக் கிளம்பினோம். காலையில இருந்தே புழுக்கம். வைகாசி மாசத்துல இப்படிப் புழுங்கினா சாயங்காலம் காத்தும் மழையும் வரும்னு எங்களுக்குத் தெரியும். வாழை போட்டவன் எல்லாம் அந்த நேரத்துல வானத்தைப் பார்த்துக்கிட்டுத்தான் உக்காந்திருப்பான். ஆனா குழந்தைகிட்ட அதைச் சொல்ல முடியுமா? பாதி வழி போகும்போது மேக்கால இருந்து புழுதியைக் கிளப்பிக்கிட்டு காத்து வந்துச்சு, பின்னாலயே மழை. ஒரு டீக்கடை ஓரமா வண்டியை நிறுத்தினேன். இருபது நிமிசம். அவ்வளவுதான், விட்டுடுச்சு. மறுபடி கிளம்பி ஒரு கிலோமீட்டர் கூடப் போகல, முன்னால அஞ்சாறு வண்டி வரிசையா நிக்குது.

ரோட்டுக்குக் குறுக்க ஒரு புளியமரம் படுத்துக் கிடந்துச்சு. ரெண்டு ஆள் சேர்ந்து கட்டிப் பிடிக்கற பருமன். இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் ரோடு தெரியல, பச்சைதான் தெரிஞ்சது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்ல. "இப்பத்தான் ஒரு புருசன் பொண்டாட்டி கைக்குழந்தையோட டிவிஎஸ்ல தாண்டிப் போனாங்க, அவங்க திரும்பறதுக்குள்ள சாஞ்சுது"ன்னு பக்கத்துக் காட்டுல ஆடு மேய்ச்ச பாட்டி சொல்லுச்சு. சொல்லும்போதும் அதுக்குக் கை நடுங்கிட்டு இருந்துச்சு.

அதுக்கப்புறம் நடந்தது எல்லாம் கிராமத்துல எப்பவும் நடக்கறதுதான். அந்தப் பக்கம் ஒரு டவுன் பஸ், இந்தப் பக்கம் ஒரு டவுன் பஸ். கண்டக்டர் ரெண்டு பேரும் கிளைக்கு மேல நின்னு பேசி, ஆளுங்களை மாத்தி ஏத்திக்கிட்டு வந்த வழியே திரும்பினாங்க. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுல வந்த ஒரு பெரியவரை நாலு பேரு பிளாஸ்டிக் சேரோட தூக்கி, காட்டு வழியா சுத்திக் கொண்டுபோய் அந்தப் பக்கம் நின்ன கார்ல ஏத்தினோம். பால் வண்டிக்காரர்தான் பாவம், கேனை எண்ணி எண்ணிப் பார்த்துக்கிட்டு நின்னார். மர மில்லுக்கு போன் போட்டு மெஷின் வாள் வரவழைச்சாங்க. தீயணைப்பு வண்டியும் வந்துச்சு. ரெண்டரை மணி நேரம் ஆச்சு. அதுக்குள்ள சிறு கிளை எல்லாம் அடுப்புக்குப் போயிடுச்சு. தங்கச்சி ஒரு பை நிறைய புளியந்துளிர் பறிச்சுக்கிட்டா.

நிக்கற ஆளுங்க பேச்சு ரெண்டு விதமா இருந்துச்சு. எங்க மாப்பிள்ளை சொன்னார்: "என்னங்க மச்சான், ரோட்டோரத்துல இவ்வளவு பழைய மரத்தை எல்லாம் எதுக்கு விட்டு வைக்கறாங்க? எல்லாத்தையும் எடுத்துட்டு புதுசா வைக்க வேண்டியதுதானே?" பக்கத்துக் கார்ல இருந்து இறங்கின கோயமுத்தூர்ப் பசங்க மெஷின் வாளைப் பார்த்ததும், "அய்யோ, இவ்வளவு பெரிய மரத்தை அறுக்கறாங்களே"ன்னு வருத்தப்பட்டாங்க. ஒருத்தருக்கு மரம்னா ஆபத்து. இன்னொருத்தருக்கு மரம்னா சாமி. ரெண்டு பேரும் மரத்தோட மேல் பாதியைத்தான் பார்த்தாங்க.

கீழ் பாதியைப் பார்த்தது அந்தக் குழந்தைதான். பிடுங்கிக்கிட்டு நின்ன அடியைச் சுத்தி வந்து, "மாமா, இந்தப் பக்கம் மட்டும் ஏன் வேரே இல்ல?"ன்னு கேட்டுச்சு.

போய்ப் பார்த்தேன். ரோட்டுப் பக்கம் வேர் மடங்கி நொறுங்கிக் கிடந்துச்சு. காட்டுப் பக்கம், அதாவது காத்து வந்த மேக்குப் பக்கம், தொடை கனத்து வேர் எல்லாம் ஒரே நேர்கோட்டுல கத்தரிச்ச மாதிரி முடிஞ்சிருந்துச்சு. முனை எல்லாம் கறுத்து, விரலால குத்தினா உதிருது. அடிமரத்துல இருந்து ரெண்டு அடி தூரத்துல குழாய் பதிச்ச தடம். பதிச்சு நாலஞ்சு வருசம் ஆச்சுன்னு பாட்டி சொல்லுச்சு. அதே பக்கம் மேல மின்கம்பி போகுது. அதுக்காக அந்தப் பக்கத்துக் கிளையை மட்டும் வருசா வருசம் வெட்டி, பாரம் பூரா ரோட்டுப் பக்கம் சாஞ்சிருக்கு. அடியில யாரோ குப்பையைப் போட்டு எரிச்சு எரிச்சு, ஒரு பக்கம் பட்டை வெந்து பொந்து விழுந்திருக்கு. அதுக்கு மேல ஆணி அடிச்சு ஒரு ரியல் எஸ்டேட் போர்டு.

இத்தனையும் தாங்கிக்கிட்டு அந்த மரம் நாலஞ்சு வருசம் நின்னுச்சேன்னுதான் எனக்கு ஆச்சரியம்.

நகரத்துல இருக்கறவங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லணும். மரத்தோட வேர் கேரட் மாதிரி நேரா கீழ இறங்கி நிக்குதுன்னு நிறைய பேரு நினைக்கறாங்க. விதை போட்டு முளைச்ச மரத்துக்கு ஆணிவேர் உண்டுதான். ஆனா வளர்ந்த மரத்தோட வேர்ல பெரும்பங்கு மேல்மண்ணுல ரெண்டு மூணு அடி ஆழத்துக்குள்ளதான் இருக்கு. அது கிளை விரிஞ்ச அளவையும் தாண்டி சுத்திலும் ஓடும். வேருக்குத் தண்ணி மாதிரியே காத்தும் வேணும், அதனாலதான் மேலாப்புல ஓடுது. கல்யாணப் பந்தல் கட்டறவங்களைப் பாருங்க, காலை ஊனிட்டு நாலு பக்கமும் இழுகயிறு கட்டுவாங்க. அந்தக் கயிறு மாதிரிதான் இந்தப் பக்கவேர். காத்தடிக்கற பக்கத்துக் கயித்தை அறுத்துட்டா பந்தல் எந்தப் பக்கம் விழும்? கயிறு அறுத்தவனை விட்டுட்டு காத்தைத் திட்டினா நியாயமா?

காத்துக்கு வலு இல்லைன்னு சொல்லலைங்க. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையில ஆயிரக்கணக்கான மரத்தைச் சாய்ச்சதை நீங்களே பார்த்திருப்பீங்க. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா அடிச்சப்போ பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு தோப்பா படுத்துச்சு. முப்பது நாப்பது வருசத்து உழைப்பு ஒரு ராத்திரியில போச்சு. அது புயல். அது முன்னால எந்த மரமும் எந்த மனுசனும் நிக்க முடியாது. ஆனா வருசா வருசம் வர்ற இருபது நிமிசக் கோடை மழைக்கு, நூறு கோடை மழையைப் பார்த்த புளியமரம் விழுந்தா அது காத்தோட வேலை இல்ல. அது நம்ம வேலை. என்னைக்கோ செஞ்ச வேலை, அன்னைக்குத்தான் முடிஞ்சுது.

இனி என் தப்புக்கு வர்றேன்.

எங்க தோட்டத்து வாசல்ல, ரோட்டுப் புறம்போக்குல ஒரு வேப்பமரம் நிக்குது. என் அப்பாரு காலத்துல இருந்து இருக்கு. 2019ல சொட்டு நீர் போடறதுக்கு மெயின் பைப் கொண்டுவந்தேன். ஜேசிபிக்கு மணிக்கணக்குல வாடகை. வாழைக்கு உழுது வெச்ச நிலம் வீணாகக் கூடாதுன்னு, "ஓரமாவே எடுத்துட்டுப் போப்பா"ன்னு டிரைவர்கிட்ட சொன்னது நான்தான். வேப்பமரத்துக்கு மூணு அடி தள்ளிப் பள்ளம் போச்சு. வேர் அறுபடற சத்தம் கேட்டுச்சு. ரெண்டு வேரை நானே கோடாலியால வெட்டி விட்டேன். மண்ணை மூடினேன், மறந்துட்டேன்.

ஞாயித்துக்கெழமை ராத்திரி வீட்டுக்கு வந்ததும் டார்ச் எடுத்துக்கிட்டு அந்த வேம்புகிட்டப் போனேன். பள்ளம் போன பக்கம் உச்சிக் கிளை ரெண்டு காஞ்சு நிக்குது. அடியில காளான் பூத்திருக்கு. தினமும் அதைத் தாண்டித்தான் வண்டியில போறேன், வர்றேன். ஒரு நாள் கூட நிமிந்து பார்க்கல. வாழையில ஒரு இலை பழுத்தா ஓடுற நான், இந்த மரத்தைப் பார்க்கல. ஏன்னா அது என் வரவு செலவுல இல்ல.

அந்த வேப்பமரத்தடியிலதான் எங்க ஊர்ப் பிள்ளைங்க பதினோரு பேர் காலையில ஸ்கூல் வேனுக்கு நிக்கறாங்க. ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சரியாத் தூக்கம் வரல.

மறுநாள் ஊராட்சியிலயும் கிராம நிர்வாக அலுவலர்கிட்டயும் எழுதிக் கொடுத்துட்டேன். அரசு நிலத்து மரத்தை நாமளா வெட்ட முடியாது, முறைப்படி அனுமதி வாங்கணும். அது சரியான ஏற்பாடுதான். இல்லைன்னா நிழல் விழுது, மகசூல் குறையுதுன்னு எங்க விவசாயிங்களே பாதி மரத்தை முடிச்சிருப்போம். அடியில தீ வெக்கறது, பட்டையைச் சுத்திச் சீவி விடறது எல்லாம் எங்க ஆளுங்களுக்குத் தெரியாத வித்தை இல்ல. ஆனா அனுமதி வர்ற வரைக்கும் சும்மா இருக்க முடியாதே. பிள்ளைங்க நிக்க, எங்க வண்டி நிறுத்தற சாளையை ஒதுக்கிக் கொடுத்து, வேன் டிரைவர்கிட்டயும் சொல்லிட்டேன். காஞ்ச கிளையை எடுத்துப் பாரத்தைக் குறைச்சா மரம் நிக்கும்னா நிக்கட்டும். நிக்காதுன்னு பார்க்கத் தெரிஞ்சவங்க சொன்னா எடுத்துடட்டும். அதுக்காக அழவும் கூடாது. கிழட்டு மாட்டைப் பார்த்துக்கற மாதிரிதான் பழைய மரத்தைப் பார்த்துக்கணும். நோய் என்னன்னு பார்க்காம அடிக்கவும் கூடாது, பார்க்காம கும்பிடவும் கூடாது.

உங்களுக்கு நான் சொல்றது இதுதான். "ஒரு மரத்தை வெட்டினா பத்து மரம் வைக்கணும்"னு எல்லாரும் பேசறோம். வைங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா இருக்கற ஒண்ணோட வேரை யாரு பார்க்கறது? உங்க தெருவுல கேபிளுக்கோ மழைநீர்க் கால்வாய்க்கோ பள்ளம் தோண்ட வந்தா, மரத்தை விட்டு நல்லாத் தள்ளித் தோண்டச் சொல்லுங்க. தள்ள இடம் இல்லைன்னா, வேருக்கு அடியில கையால குடைஞ்சு குழாயை விடச் சொல்லுங்க. உங்க வாசல் மரத்தைச் சுத்தி அடிமரம் வரைக்கும் சிமென்ட் பூசியிருந்தா உடைச்சு விடுங்க. டெல்லியில 2013லயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மரத்தைச் சுத்தி ஒரு மீட்டருக்கு கான்கிரீட் இருக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. கம்பிக்காக ஒரு பக்கம் கிளையை வெட்டினா மறுபக்கமும் கொஞ்சம் எடுத்துப் பாரத்தைச் சமன் பண்ணச் சொல்லுங்க. அடியில காளான், பொந்து, ஒரு பக்கம் மட்டும் மண் வெடிப்பு, ஒரு பக்கம் மட்டும் காஞ்ச கிளை, இதுல எதைப் பார்த்தாலும் உடனே எழுதிக் கொடுங்க.

எங்க ஊருக்கும் ஒண்ணு சொல்லிக்கறேன். மே 1ஆம் தேதி கிராமசபை கூடுது. கோடைக் காத்துக்குச் சரியா முன்னால வர்ற கூட்டம். ரோடு, தண்ணி, தெருவிளக்கு எல்லாம் பேசறோம். ரோட்டோர மரத்துல எது நல்லா இருக்கு, எது நோய்ப்பட்டு இருக்குன்னு ஒரு தடவை நடந்து பார்த்து எழுதி வைக்க ஒரு காலை நேரம் போதும். இந்த வருசக் கூட்டத்துல நானும் உக்காந்திருந்தேன். வாய்க்கால் தூர் வாரறதைப் பத்தி மட்டும் பேசிட்டு வந்துட்டேன். அடுத்த கூட்டம் ஆகஸ்ட் 15. அதுல இதைப் பேசறதா இருக்கேன்.

தங்கச்சி மகளை புதன்கெழமை கொடிவேரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தேங்க. மீனும் சாப்பிட்டாச்சு. வழியில அந்த இடத்துல மரத்துண்டை ஓரமா அடுக்கி நம்பர் போட்டிருந்தாங்க. குழந்தை கண்ணாடியை இறக்கி, அடுத்து நிக்கற புளியமரத்தோட அடியைக் காட்டி, "மாமா, அதே பைப் இதுக்குப் பக்கத்துலயும் போகுதே?"ன்னுச்சு.

போகுதுங்க. அந்த ரோட்டுல இன்னும் பதினாலு மரம் இருக்கு. எண்ணிட்டு வந்தேன்.