சந்தேகத்தின் பலன் யாருக்கு?

பாலியல் வன்கொடுமை வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தால் நாம் கடைசி வரியைத்தான் தேடுகிறோம். தண்டனை உறுதி என்றால் கைதட்டுகிறோம், விடுதலை என்றால் கொதிக்கிறோம். ஆனால், தோழர்களே, சாதி ஒளிந்திருப்பது கடைசி வரியில் அல்ல. அந்த வரிக்கு நீதிபதிகள் வந்து சேர்ந்த வழியில்.

மேல்முறையீட்டில் சாட்சிகள் மீண்டும் கூண்டில் ஏறுவதில்லை. விசாரணை நீதிமன்றம் பதிவு செய்த சாட்சியத்தைப் படித்துத்தான், எது அற்பமான முரண்பாடு, எது வழக்கையே உடைக்கும் முரண்பாடு என்று நீதிபதிகள் முடிவு செய்கிறார்கள். சட்டப் புத்தகத்தோடு அவர்களின் சமூகப் பார்வையும் அங்கே வேலை செய்கிறது.

1972இல் மராட்டியத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் வன்கொடுமைக்கு ஆளானவர் மதுரா என்ற ஆதிவாசிச் சிறுமி. அமர்வு நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. மேல்முறையீட்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தண்டித்தது. உச்ச நீதிமன்றமோ, உடலில் காயமில்லை, அவள் எதிர்க்கவில்லை என்று கூறி மீண்டும் விடுவித்தது. இரவில், காவல் நிலையத்துக்குள், காக்கிச் சட்டைக்கு எதிரே ஓர் ஆதிவாசிப் பெண் எப்படி எதிர்ப்பாள்? 1979இல் உபேந்திர பக்ஷி உள்ளிட்ட நான்கு சட்டப் பேராசிரியர்கள் எழுதிய திறந்த மடல் இதைத்தான் கேட்டது. அதைத் தொடர்ந்த போராட்டத்தால்தான் 1983இல் சட்டம் திருத்தப்பட்டது.

இன்னொரு வழக்கைப் பாருங்கள். 2003இல் நாசிக் அருகே நடந்த கொலை, வன்புணர்வு வழக்கில் நாடோடிப் பழங்குடியினர் ஆறு பேர் சிக்கினார்கள். உயர் நீதிமன்றம் மூவரின் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு என்றது. 2019இல் அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்தது. நேரடி சாட்சி, காவல்துறையின் படத்தொகுப்பில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார்; அவர்களை யாரும் விசாரிக்கவில்லை. 16 ஆண்டுச் சிறைவாசத்துக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு. உண்மைக் குற்றவாளிகள் தப்பியதால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் நீதி கிடைக்கவில்லை.

இரண்டையும் அருகருகே வையுங்கள். காக்கிக்குத் தாராளமாகக் கிடைத்த சந்தேகத்தின் பலன், ஊர் ஊராய் அலையும் ஏழைக்கு 16 ஆண்டு கிடைக்கவில்லை. ஆகவே "பாலியல் வழக்கில் எதற்கு மேல்முறையீடு? தூக்கில் போடு" என்ற முழக்கம் நம்முடையதல்ல. அந்தக் கயிறு முதலில் யார் கழுத்தைத் தேடும் என்பது நமக்குத் தெரியும்.

நேர்மையான மறு ஆய்வு எப்படியிருக்கும் என்பதற்கு வாச்சாத்தி சாட்சி. 1992இல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்தப் பழங்குடிக் கிராமத்தைச் சூறையாடினார்கள். 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம் 215 பேரைத் தண்டித்தது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே சென்று பார்த்தார். 2023 செப்டம்பரில் தண்டனைகளை உறுதி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும் அன்றைய மாவட்ட ஆட்சியர் உள்ளிட்ட உயர் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார். ஆனால் அந்த மேல்முறையீடு முடிய மட்டுமே 12 ஆண்டுகள் ஆயின.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 14அ பிரிவு, மேல்முறையீட்டை இயன்றவரை மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. 15அ பிரிவு, பாதிக்கப்பட்டவரின் குரலையும் கேட்கச் சொல்கிறது. இவற்றை நடைமுறைப்படுத்தக் கேட்போம். குற்றம்சாட்டப்பட்ட ஏழைக்குத் திறமையான வழக்கறிஞர் வேண்டும் என்றும் கேட்போம். அடுத்த தீர்ப்பு வரும்போது கடைசி வரியோடு நிறுத்தாமல் முழுவதையும் படிப்போம்: யாருடைய சொல் நம்பப்பட்டது, யாருடைய சொல் தள்ளப்பட்டது, ஏன்?