பழையதுதான் அமிர்தமா?

"அந்தக் காலத்து ஆட்டம் மாதிரி இனிமேல் வராது" என்று சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. இதே வார்த்தையைச் சங்கீத வித்வான்களைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். நாவலாசிரியர்களைப் பற்றியும் காப்பிப் பொடியைப் பற்றியும் கேட்டிருக்கிறோம். அங்கெல்லாம் சொன்னவர் பாடு, கேட்டவர் பாடு என்று விட்டுவிடலாம். கம்ப்யூட்டரில் ஆடும் கதை ஆட்டங்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. இங்கே அந்த வார்த்தை உயிரோடு இருக்கும் சில கலைஞர்களின் வயிற்றில் அடிக்கிறது.

நாவல் படிக்கிற வாசகர்களில் சிலர், "கம்ப்யூட்டர் ஆட்டமாவது, நமக்காவது!" என்று பக்கத்தைப் புரட்டப் பார்ப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். துப்பாக்கியால் சுட்டுத் தள்ளுகிற ஆட்டத்தைப் பற்றி நான் பேசவில்லை. இது வேறு ஜாதி. 'பாயிண்ட் அண்டு கிளிக் அட்வென்ச்சர்' என்று இங்கிலீஷில் சொல்வார்கள். திரையில் ஒரு காட்சி: ஒரு சாராயக் கடை, ஒரு பாழடைந்த மாளிகை, அல்லது ஒரு துறைமுகம். மௌஸால் ஒரு பொருளைத் தொட்டால் கதாநாயகன் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வான். ஓர் ஆளைத் தொட்டால் அவரோடு பேசுவான். என்ன பேசுவது என்று நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். வழியில் பூட்டிய கதவு ஒன்று இருக்கும். திறக்கும் உபாயம் தோன்றிவிட்டால் அடுத்த அத்தியாயம். அவசரமே கிடையாது, காப்பி ஆறும் வரையில் யோசிக்கலாம். விரல் வேகம் வேண்டாம், கதை கேட்கிற மனசு இருந்தால் போதும். நாவலுக்கு இவ்வளவு கிட்டின உறவு வேறு எந்த ஆட்டத்துக்கும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இதன் வம்சாவளி சுருக்கமானது. 1976-ல் வில் கிரௌதர் என்ற அமெரிக்கர், படமே இல்லாமல் வெறும் எழுத்தால் ஒரு குகையைச் சிருஷ்டித்தார்; மறு வருஷம் டான் வுட்ஸ் அதை விரித்து எழுதினார். 1980-ல் ராபர்ட்டா வில்லியம்ஸும் அவருடைய கணவர் கென்னும் இந்த வகைக்குப் படத்தைக் கொண்டுவந்தார்கள். 1987-ல் ரான் கில்பர்ட்டும் கேரி வின்னிக்கும் 'மேனியாக் மேன்ஷன்' ஆட்டத்தில் தட்டச்சு செய்யும் தொல்லையை ஒழித்து, 'எடு', 'திற', 'கொடு' என்ற வினைச்சொற்களைத் திரையிலேயே அடுக்கி வைத்தார்கள். 1990-ல் கில்பர்ட்டின் 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' வந்தது. 1998-ல் டிம் ஷேஃபரின் 'கிரிம் ஃபாண்டாங்கோ' வந்தது: செத்தவர்களின் உலகத்தில் பிரயாண டிக்கெட் விற்கும் ஓர் எலும்புக்கூட்டின் கதை. விமர்சகர்கள் தலையில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். கல்லாப்பெட்டி மட்டும் எதிர்பார்த்தபடி நிரம்பவில்லை.

அத்தோடு கலை செத்துவிட்டது என்பது பழைய ரஸிகர்களின் தீர்ப்பு. அதற்குப் பிறகு அவர்கள் செய்கிற காரியம் ஒன்றுதான். பழைய ஆட்டத்துக்குப் புதுச் சாயம் அடித்து மறுபடி வெளியிட்டால் மறுபடி வாங்குவார்கள். புதியவர் யாராவது வந்து, "சார், இந்த வகையில் எனக்கு ஓர் ஆட்டம் சொல்லுங்கள்" என்று கேட்டால் முப்பத்தைந்து வருஷத்துச் சரக்கை எடுத்து நீட்டுவார்கள். அந்தப் பையன் அரைமணி நேரம் திண்டாடிவிட்டு எழுந்து போய்விடுவான். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்று இவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

பொறுமையைப் பற்றியே பேசுவோம். 1990-ல் வந்த 'கிங்ஸ் குவெஸ்ட்' ஐந்தாம் பாகத்தில் ராஜா கிரஹாம் பனிமலை ஏறுகிறார், பசிக்கிறது. பையில் ஒரு கஸ்டர்ட் பை இருக்கிறது. பசித்தவன் தின்னத்தானே செய்வான்? தின்றால் போச்சு! பின்னால் ஒரு பனிமனிதன் வருவான். அவன் முகத்தில் அதே பையை எறிந்தால்தான் தப்ப முடியும். தின்றுவிட்டீர்கள் என்று ஆட்டம் வாய் திறந்து சொல்லாது. பல மைல் நடக்க விட்டு அப்புறம் கழுத்தை அறுக்கும். 1999-ல் வந்த 'கேப்ரியல் நைட்' மூன்றாம் பாகம் இதற்கும் மேலே. நண்பனுடைய பெயரில் ஒரு மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுக்க வேண்டும், அதற்கு மாறுவேஷம். எப்படி? கொட்டகைக் கதவின் ஓட்டையில் ஒட்டுக்காகிதத்தை ஒட்டி, பூனையை அதன் வழியாக ஓடவைத்து, ஒட்டிக்கொண்ட ரோமத்தைச் சர்க்கரைப் பாகால் உதட்டின் மேல் ஒட்டி மீசை தயாரிக்க வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நண்பனுக்கு மீசையே கிடையாது! அதற்காக அவனுடைய பாஸ்போர்ட்டில் இருக்கும் படத்திலும் பேனாவால் மீசை வரைய வேண்டும். இதைத்தான் நம் ரஸிகர்கள் 'மூளைக்கு வேலை' என்கிறார்கள். இது மூளைக்கு வேலை அல்ல ஐயா, ஆட்டத்தைச் செய்தவரின் மூளைக்குள் ஜோசியம் பார்க்கிற வேலை.

இதை நான் இன்றைக்குச் சொல்லும் புதுமை என்று நினைக்க வேண்டாம். 1989-லேயே ரான் கில்பர்ட் ஒரு கட்டுரை எழுதினார். இந்த வகை ஆட்டங்கள் ஏன் சகிக்கவில்லை என்பதுதான் தலைப்பின் சாரம். போகிற இலக்கு தெரிய வேண்டும், பூட்டைப் பார்ப்பதற்கு முன் சாவியைப் பொறுக்க வைக்கக் கூடாது, காரணமில்லாமல் ஆளைக் கொல்லக் கூடாது என்று அவர் அதில் கண்டித்தார். எந்த மகானின் பெயரால் புதியவர்களைத் திட்டுகிறார்களோ, அந்த மகானே பொற்காலத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு பொற்காலத்தைத் திட்டியிருக்கிறார்.

அப்படியானால் பழையவற்றில் உயர்வே இல்லையா? ஏராளமாக இருக்கிறது. இவர்கள் அதைத் தேடுகிற இடம்தான் தப்பு. 'மங்கி ஐலண்'டில் கதாநாயகன் கத்திச் சண்டை போட வேண்டும். அங்கே ஜெயிப்பது கத்தியால் அல்ல, நாக்கால். எதிரி ஒரு வசவை வீசுவான். அதற்குச் சுருக்கென்று தைக்கிற பதில் தெரிந்தால் ஒரு படி முன்னேறலாம், தெரியாவிட்டால் பின்வாங்க வேண்டும். ஊர் ஊராகச் சண்டை போட்டு வசவுகளைச் சேகரித்து, கடைசியில் கத்திக் கலையில் பேர் போன ஒரு பெண்மணியிடம் போய் நின்றால், அவள் வீசுகிற வசவுகள் எல்லாம் புதியவை! பழைய பதில்களையே புதிய வசவுகளுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும். அந்தப் பேச்சும் ஹாஸ்யமும், அந்தத் தீவின் ராத்திரியும்தான் அந்த ஆட்டத்தின் ஜீவன். பெரிய சதுரப் புள்ளிகளால் வரைந்த படமும், திரையின் அடியில் வினைச்சொல் அடுக்கும் சட்டை மாதிரி. சட்டையைப் பார்த்துப் பிள்ளையை அடையாளம் சொல்கிற தகப்பனை என்னவென்று சொல்வது?

அந்த ஜீவனுக்கு வாரிசு யார் என்று என்னைக் கேட்டால், டேவ் கில்பர்ட் என்பேன். ரான் கில்பர்ட்டுக்கு உறவு கிடையாது, பெயர் ஒற்றுமைதான். நியூயார்க்காரர். கிறிஸ் ஜோன்ஸ் என்பவர் 1997-லிருந்து இலவசமாகக் கொடுத்துவரும் ஒரு சாதனத்தை வைத்துக்கொண்டு 2006-ல் 'தி ஷிவா' என்ற சிறிய ஆட்டத்தை வெளியிட்டார். கைலாசத்துச் சிவன் அல்ல. யூதர்கள் இறந்தவருக்காக ஏழு நாள் காக்கும் துக்கத்துக்கு அந்தப் பெயர். கதாநாயகர் ஸ்டோன் என்ற யூத மதகுரு. கோவிலுக்கு ஆள் வருவது குறைந்துவிட்டது. அவருக்கே நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கிறது. பல வருஷங்களுக்கு முன் சண்டை போட்டுப் பிரிந்துபோன ஒருவன் கொலையாகி, உயிலில் இவருக்குப் பணம் எழுதி வைத்திருக்கிறான். போலீஸ் இவர் வாசலில் வந்து நிற்கிறது. என்ன சண்டை? அவன் யூதரல்லாத ஓர் இந்தியப் பெண்ணை, ராஜஸ்ரீயை, மணக்க விரும்பினான். இவர் நடத்திவைக்க மறுத்தார். இந்தக் கதை நம்முடைய வாசகர்களுக்கு அந்நியமாகவா படும்?

இதில் ஒரு நயம். பேசும்போதெல்லாம் ஸ்டோனுக்குக் 'குருமார் பதில்' என்று ஒரு வழி உண்டு: கேள்வி கேட்டால் கேள்வியாலேயே பதில் சொல்வது. ஆரம்பத்தில் சிரிப்பு வரும். போகப் போக, இந்த மனிதர் பதில் சொல்லாமல் நழுவுவதற்காகவே கேள்வி கேட்கிறாரோ என்று சந்தேகம் தட்டும். 'மங்கி ஐலண்'டில் சிரிப்பாக இருந்த சொற்போர் இங்கே ஒரு மனிதனின் குணமாக வளர்ந்திருக்கிறது. நான் வாரிசு என்பது இதைத்தான்.

ஆட்டத்தில் தமாஷைவிடப் பயத்தை விரும்புகிறவர்கள், 'கேப்ரியல் நைட்' அபிமானிகள், 2022-ல் வந்த 'தி எக்ஸ்கவேஷன் ஆஃப் ஹாப்ஸ் பாரோ'வை ஆடிப் பார்க்க வேண்டும். விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்து. புராதன ஈமமேடுகளைத் தோண்டி ஆராயும் தாமஸினா பேட்மன் என்ற பெண், ஒருவர் கடிதம் எழுதி அழைத்ததன் பேரில் ஒரு குக்கிராமத்துக்கு ரயிலில் வந்து இறங்குகிறாள். அழைத்தவரைக் காணோம். மேட்டைப் பற்றி விசாரித்தால் ஊர்க்காரர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். தானே நடந்ததைத் திரும்பிப் பார்த்துச் சொல்கிற தோரணையில் அவள் கதை சொல்கிறாள். அந்தக் குரலில் முதல் நிமிஷத்திலிருந்தே ஏதோ சரியில்லை. புதிர்கள் எல்லாம் ஊர்க் காரியங்கள். ஒருவருக்கு ஒன்று தேவை, அது இன்னொருவரிடம் இருக்கிறது. பூனை ரோமத்தில் மீசை செய்கிற பைத்தியக்காரத்தனம் இல்லை. முடிவைச் சொல்லமாட்டேன். சொன்னால் என்னை நீங்கள் மன்னிக்கக் கூடாது.

பேச்சே வேண்டாம், படம் போதும் என்பவர்களுக்குச் செக் நாட்டு யாகூப் த்வோர்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 2009-ல் செய்த 'மெஷினாரியம்'. குப்பைமேட்டில் எறியப்பட்ட ஒரு தகரப் பொம்மை மனிதன் தன்னைத் தானே பூட்டிக்கொண்டு நகரத்துக்குத் திரும்புகிறான். அவன் பெயர் ஜோசஃப். 'ரோபோ' என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்த செக் கலைஞர் ஜோசஃப் சாபெக்கின் பெயர் அது. ஆட்டம் முழுவதும் ஒரு வசனம் கிடையாது. மனசில் நினைப்பது தலைக்கு மேலே சித்திரமாக ஓடும். ஊமைப் படம் பார்த்து அழுத தாத்தாக்கள் இருந்தால் கேளுங்கள், இதன் அருமை அவர்களுக்குத் தெரியும்.

துப்பறியும் கதைப் பிரியர்களுக்கு, லாட்வியா நாட்டுச் சகோதரர் இருவர் 2022-ல் வெளியிட்ட 'தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல்'. பதினெட்டாம் நூற்றாண்டு. மரணம் நிகழ்கிற கணத்தை அப்படியே உறைய வைத்திருப்பார்கள். நீங்கள் பைகளைத் துழாவி, கடிதங்களைப் படித்துச் சொற்களைச் சேகரித்து, யார் யாரை எதனால் கொன்றார் என்ற வாக்கியத்தில் உள்ள காலியிடங்களை நிரப்ப வேண்டும். "புது ஆட்டங்கள் சுலபமாகிவிட்டன" என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் இதன் பின்பாதிக்கு வந்து சேர்ந்துவிட்டு என்னோடு பேசட்டும்.

'கென்டக்கி ரூட் ஜீரோ'வைப் பற்றித்தான் எனக்கும் சில நண்பர்களுக்கும் மனஸ்தாபமே. ஐந்து அங்கங்கள். முதல் அங்கம் 2013-ல் வந்தது, கடைசி அங்கம் 2020-ல்! தொடர்கதைக்கு அடுத்த வாரம் வரையில் காத்திருக்கத் தெரிந்தவர்கள் நாம். இவர்கள் ஏழு வருஷம் காக்க வைத்தார்கள். பழைய சாமான் கடைக்கு லாரி ஓட்டும் கிழவர் ஒருவர், கூட ஒரு நாய், கண்டுபிடிக்க முடியாத ஒரு விலாசம். கடன் ஒரு மனிதனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதை இதைவிட நயமாகச் சொன்ன கதையை நான் அதிகம் படித்ததில்லை. "புதிரே இல்லையே, இது ஆட்டமா?" என்கிறார் நண்பர். அந்த நாய்க்கு என்ன பெயர், அந்தக் கிழவர் எப்படிப்பட்டவர் என்பதையெல்லாம் பேச்சைத் தேர்ந்தெடுத்து நாம்தான் நிச்சயிக்கிறோம். பூட்டுக்குச் சாவி தேடுவதைவிட அது சின்ன வேலையா?

ரான் கில்பர்ட்டும் வின்னிக்கும் 2017-ல் செய்த 'திம்பிள்வீட் பார்க்'கை மேலே சொன்னவற்றோடு சேர்க்காததற்குக் காரணம் உண்டு. பழைய வினைச்சொல் அடுக்கு, பழைய புள்ளிப் படம் எல்லாம் அச்சாக இருக்கிறது, புதிர்களும் நேர்த்தி. ஆனால் நிமிஷத்துக்கு ஒரு தரம் "ஞாபகம் இருக்கிறதா?" என்று விலாவில் இடிக்கிறது. பழைய ரஸிகருக்குப் பரம திருப்தி. புதியவருக்கு, யார் வீட்டுக் கல்யாணத்திலோ தெரியாத சொந்தக்காரர்கள் நடுவே உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

அதே கில்பர்ட், டேவ் கிராஸ்மனோடு சேர்ந்து, 2022-ல் 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்'டை வெளியிட்டபோது நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. இந்தத் தடவை புள்ளிப் படம் இல்லை. வேறு பாணியில் வரைந்திருந்தார்கள். ஆட்டம் வெளிவருவதற்கு முன்பே, முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு, அபிமானிகள் சிலர் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். ஆட்டத்தைப் பற்றி இனி எழுதுவதில்லை என்று அவர் பேனாவை மூடிவைக்கும் அளவுக்கு ஏசினார்கள். யார் அந்த அபிமானிகள்? முப்பது வருஷமாக அவருடைய பெயரை ஜபித்தவர்கள்! ஆட்டம் வந்தபின் பார்த்தால், வயசான ஒரு கடற்கொள்ளைக்காரன் இளமையில் தேடிய ரகசியத்தை இன்னும் விடாமல் தேடுவதும், அதற்காக எதையெல்லாம் மிதித்துக்கொண்டு போகிறான் என்பதும்தான் கதை. தன் மகனுக்கு அதைச் சொல்கிறான். திட்டினவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கண்ணாடியை யாரும் பிடித்திருக்க முடியாது. திகைத்து நின்றால் புரட்டிப் பார்க்கக் குறிப்புப் புத்தகம் ஒன்றையும் கதாநாயகன் பையிலேயே வைத்திருக்கிறார்கள். புரட்டுவதும் புரட்டாததும் உங்கள் கௌரவத்தைப் பொறுத்தது.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: 'ஷிவா' ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும், சாதாரணக் கம்ப்யூட்டரே போதும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் 'மெஷினாரியம்'. மொழித் தகராறு கிடையாது. 'ஹாப்ஸ் பாரோ'வை மட்டும் ராத்திரி பத்து மணிக்கு மேல் தனியாக ஆட வேண்டாம்.