முழுமை என்னும் மூடநம்பிக்கை

“தாது இல்லாத நாட்டில் மின்தேக்கி ஆய்வு எதற்கு? விலைக்கு வாங்கிக்கொள்ளலாமே!” கருத்தரங்குகளில் இவ்வாதத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஒருமுறையேனும் எழுத்தில் மறுத்துவிட வேண்டும் என்பதற்காகவே இந்த நீண்ட பதிவு.

முதலில் அறிவியல். சிறிய இடத்தில் மிகுந்த மின்னூட்டத்தைத் தேக்க டாண்டலம் மின்தேக்கிகள் பயன்படுகின்றன. உலோகத் தூளை அழுத்திச் சூடேற்றி, பஞ்சுபோன்ற நுண்துளைகள் கொண்ட நேர்மின்வாயாக்கி, அதன்மேல் மெல்லிய ஆக்சைடுப் படலத்தை வளர்க்கிறார்கள். டாண்டலமோ அரிது, காங்கோவில் அதன் தாதுவின்மேல் படிந்த குருதிக்கறையை உலகறியும். அதன் உடன்பிறப்பான நையோபியம் அடர்த்தியில் ஏறத்தாழப் பாதி; விலையும் குறைவு. ஆனால் ஒரு குறை உண்டு. படலத்திலுள்ள ஆக்சிஜனை அடியிலுள்ள உலோகமே மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். படலம் பழுதுபட்டு மின்கசிவு பெருகும்.

உலோகத்தை மேலும் தூய்மையாக்குவது இதற்குத் தீர்வன்று, தீர்வு நேர்மாறானது. நையோபியம் பென்டாக்சைடை நையோபியத் தூள் போன்றதோர் ஆக்சிஜன் உறிஞ்சியோடு ஹைட்ரஜன் சூழலில் சூடேற்றி, முழுதும் ஒடுக்காமல் மோனாக்சைடு நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும். ஒரு பென்டாக்சைடு மூலக்கூறும் மூன்று நையோபிய அணுக்களும் சேர்ந்து ஐந்து மோனாக்சைடு அலகுகளாகும். இது ஆக்சைடாயினும் உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்தும். ஏற்கெனவே ஆக்சிஜன் நிறைந்திருப்பதால் படலத்தைச் சுரண்டாது. எளிதில் தீப்பற்றவும் செய்யாது. அரைகுறை என்று நாம் இகழக்கூடிய ஒன்று இங்கே அளவறிந்து நிற்பதாகும்.

இவ்வறிவு நமக்கு அந்நியமா? செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய சி. கே. குப்தாவும் ஏ. கே. சூரியும் நையோபியத்தைப் பிரித்தெடுப்பது பற்றி எழுதிய நூல் 1994இலேயே வெளிவந்துவிட்டது. மாட்டுங்காவில், 1933இல் பல்கலைக்கழகத் துறையாகத் தோன்றிய வேதித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஐதராபாத்தின் அணு எரிபொருள் வளாகம் இவ்விரு உலோகங்களையும் உற்பத்தி செய்திருக்கிறது. பஸ்தரில் வெள்ளீயத் தாதுவோடு கொலம்பைட்-டாண்டலைட்டும் சிறிதளவு கிடைக்கிறது. ஆகவே ‘இல்லை’ என்னும் சொல்லே பிழை.

இன்னொரு சுரங்கமும் நம்மிடம் உண்டு: பழைய மின்பலகைகள். சுரங்க அமைச்சகம் 2023 ஜூனில் வெளியிட்ட 30 இன்றியமையாக் கனிமங்களின் பட்டியலில் டாண்டலமும் நையோபியமும் இடம்பெற்றன. அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்கீழ், மறுசுழற்சிச் சான்றிதழ்க் கணக்கு தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகிய நான்கோடு தொடங்கியது. ஒரு கை ‘இன்றியமையாதது’ என்று எழுத, மறு கை அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. விளைவு? தாராவியில் மின்பலகையைப் பிரிப்பவர் செம்பைத் தனியே எடுக்கிறார். டாண்டலம் மின்தேக்கியோ உலைக்குப் போய்க் கசடோடு கசடாகிறது. இதை அவருடைய அறியாமை என்பது அநீதி. அதற்கு விலை சொல்ல எவருமில்லை என்பதே உண்மை.

எதிர்த்தரப்பின் நியாயமான கூற்றையும் மறைக்க மாட்டேன். மோனாக்சைடு மின்தேக்கி குறைந்த மின்னழுத்தச் சுற்றுகளுக்கே ஏற்றது. உயர் மின்னழுத்தத்திற்கு டாண்டலத்தை விட முடியாது. பழைய பலகைகளில் மிகுதியாகக் கிடைப்பதும் டாண்டலமே, நையோபியமன்று. ஆயின் இவை இரண்டு வழிகளும் ஒருங்கே தேவை என்பதற்கான சான்றுகளேயன்றி, ஆய்வைக் கைவிடுவதற்கான காரணங்கள் அல்ல. குறைந்த மின்னழுத்தப் பணியை நையோபியம் ஏற்கட்டும். மீட்கப்படும் டாண்டலம் உரிய இடத்திற்குப் போகட்டும்.

என் கோரிக்கைகள் இரண்டு. டாண்டலத்திற்கும் சான்றிதழ் மதிப்பு கொடுங்கள். டிராம்பேயின் உலோகவியலும் மாட்டுங்காவின் வேதியியலும் தாராவியின் கைத்திறனும் சேரும் ஒரு சிறு முன்னோடி ஆலையைத் தொடங்குங்கள். அதில் தாராவித் தொழிலாளர் கூலிக்கு வந்தவராக அன்றிப் பங்காளியாக அமரட்டும். மூன்று இடங்களும் ஒரே நகரில், சில கிலோமீட்டர் இடைவெளியில்தான் இருக்கின்றன. இத்தனை அருகிலிருந்தும் சேரவில்லை என்றால், குறை தாதுவில் இல்லை.